பால் வெட்டுகிறவருக்கு எது ஜெப வேளை?

கேள்வி: களியக்காவிளைப் பக்கம் இருந்து எழுதுகிறேன். வயது 46. ரப்பர் பால் வெட்டுதான் தொழில். விடியற்காலை மூன்றரைக்கு எழும்பி, நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போனால், வெட்டி முடித்து, பால் எடுத்து, ஷீட் அடித்து வீட்டுக்கு வர மதியம் ஆகிவிடும். எங்கள் சபையில் அதிகாலை ஜெபத்தைப் பற்றி அடிக்கடி பிரசங்கம் கேட்கிறேன். ஒவ்வொரு தடவையும் தீர்மானம் எடுப்பேன். நாலு நாள் நடக்கும், அப்புறம் நின்றுபோகும். விட்ட நாட்களுக்கும் சேர்த்து ஒரு முழு இராத்திரி ஜெபத்துக்குப் போவேன். மறுநாளிலிருந்து பழைய கதைதான். இராத்திரி பத்து மணிக்கு முழங்காலில் நின்றால் அப்படியே தூங்கிவிடுகிறேன். தூங்காத நாளில் மனசு நிற்பதில்லை. சிட்டிக்குக் கட்ட வேண்டிய பணம், நர்சிங் படிக்கும் மகளின் பீஸ், ஷீட் விலை, இதுதான் ஓடுகிறது. போனில் இரண்டு ஜெபக் குழுக்களில் சேர்ந்தும் பிரயோஜனமில்லை. என் மனைவி ஒரு நாளும் ஜெபத்தை விடுவதில்லை. அவள் முன்னால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. கர்த்தர் என்னைத் தள்ளிவிட்டாரோ என்று பயப்படுகிறேன். ஒழுங்காக, மனம் ஒன்றி ஜெபிக்க நான் என்ன செய்ய வேண்டும்?

- பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், களியக்காவிளை

பதில்: தம்பி, நீங்கள் கடைசியில் எழுதியிருக்கும் பயத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கர்த்தர் உங்களைத் தள்ளவில்லை. ஜெபிக்க முடியவில்லையே என்ற இந்தத் தவிப்பே அவர் உங்களை விடவில்லை என்பதற்கு அடையாளம். மூன்றரைக்கு எழும்பி மதியம் வரை உடம்பால் உழைக்கிற மனிதர் இராத்திரி பத்து மணிக்கு முழங்காலிலேயே தூங்கிப்போகிறார் என்றால் அதற்குப் பெயர் அசதி. அதைப் பாவக் கணக்கில் எழுதாதீர்கள். கெத்செமனேயில் இயேசு தம்மோடு கூட்டிக்கொண்டு போன மூன்று சீஷர்களும் இதே அசதியில்தான் தூங்கினார்கள். விழித்திருக்கக் கூடாதா என்று அவர் வருத்தத்தோடு கேட்டது உண்மை. உடனேயே, உடம்பின் பலவீனத்தை எடுத்துச் சொல்லி அவர்களுக்காகப் பேசியவரும் அவரேதான்.

அடுத்தது அதிகாலை ஜெபம். பொழுது விடியுமுன் இயேசு ஆளில்லாத இடம் தேடிப் போய் ஜெபித்ததை மாற்கு 1-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். பிரசங்கங்களில் திரும்பத் திரும்ப எடுத்துக் காட்டப்படுவதும் இதுதான். அதே மாற்கு 6-ஆம் அதிகாரத்தில், ஐயாயிரம் பேரைப் போஷித்த அன்று, சாயங்காலம் எல்லாரையும் அனுப்பிவிட்டு மலைமேல் ஏறி ஜெபிக்கிறார். லூக்கா 6-இல் ஓர் இராத்திரி முழுவதும் ஜெபிக்கிறார். தானியேல் நாளுக்கு மூன்று வேளை. பேதுருவும் யோவானும் தேவாலயத்துக்குப் போனது ஒன்பதாம் மணி வேளையில். நம் கணக்கில் மத்தியானம் மூன்று மணி. அப்போஸ்தலர் 10-இல் பேதுரு மேல்வீட்டில் ஏறி ஜெபித்தது உச்சிப்பொழுதில். அப்போது அவருக்குப் பசி. கீழே சாப்பாடு தயாராகிக்கொண்டிருக்கிறது. அந்த இடைவேளையில்தான் கொர்நேலியு வீட்டுக்கு வழி திறந்த தரிசனம் அவருக்குக் கிடைத்தது. அதிகாலை நல்ல நேரம்தான். அது கிடைக்கிறவர்கள் பாக்கியவான்கள். உங்களுக்கோ அது வேலை நேரம். வெயில் ஏறுவதற்குள் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும் என்பது எனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நான் ஊழியம் செய்த சபைகளில் பாதிப் பேர் பால் வெட்டுகிறவர்கள். நான்கு மணிக்கு மரத்தடியில் நிற்கிற மனிதரிடம் நான்கு மணிக்கு வீட்டில் முழங்காலில் நிற்கச் சொன்னால், தோற்றுப்போவதற்கென்றே ஒரு தீர்மானத்தை எடுக்க வைக்கிறோம் என்று அர்த்தம். போதகர்கள் இதை யோசிக்க வேண்டும் என்று இந்தப் பக்கத்திலேயே கேட்டுக்கொள்கிறேன்.

உங்களுக்கும் பேதுருவுக்குக் கிடைத்ததைப் போல ஓர் இடைவேளை இருக்கிறது. கடைசி மரத்தை வெட்டி முடித்த நேரத்துக்கும் பால் எடுக்கக் கிளம்பும் நேரத்துக்கும் நடுவில், பால் சிரட்டையில் சொட்டுச் சொட்டாக விழுந்து நிறையும் அந்த நேரம். அவசரப்படுத்தி ஒன்றும் ஆகப்போவதில்லை, காத்திருந்தே ஆக வேண்டும். சாயாக்கடைக்குப் போவீர்கள், பேப்பர் பார்ப்பீர்கள், போனை எடுப்பீர்கள். சாயா குடியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. குடித்துவிட்டு வந்து, ஷீட் அடிக்கிற கொட்டகையில் ஓர் ஓரமாக உட்காருங்கள். மரத்தடி வேண்டாம், ரப்பர் தோட்டத்துக் கொசு உங்களை ஒரு சங்கீதம் வாசிக்க விடாது. கையில் பால் ஒட்டிக் காய்ந்திருந்தால் இருக்கட்டும். குனிந்து குனிந்து வெட்டிய முதுகும் முழங்காலும் வலித்தால் பலகையில் உட்கார்ந்தே ஜெபியுங்கள். பதினைந்து நிமிடம் போதும். தினமும் அதே இடம், அதே வேளை. அன்றைக்கு மனம் எப்படி இருந்தாலும் அங்கே போய் உட்கார்ந்துவிட வேண்டும். நான் உங்களிடம் கெட்டியாகக் கேட்பது இந்த ஒன்றைத்தான்.

அங்கே உட்கார்ந்து என்ன சொல்வது? லண்டன் மிஷன் வழி வந்த நம் சபைகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. 1806-இல் ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்ததிலிருந்து வளர்ந்து, 1947-இல் தென்னிந்தியத் திருச்சபையோடு இணைந்த சபைகள் இவை. எழுதி வைத்ததை வாசிப்பதைவிட, வாயில் வருவதைச் சொந்த வார்த்தையில் சொல்லி ஜெபிப்பதற்கே இங்கே மதிப்பு அதிகம். அருமையான பழக்கம் அது. எழுத்தறியாத பாட்டிமார்கூடக் கண்ணீரோடு கால் மணி நேரம் ஜெபித்ததைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் அதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. அசந்துபோன நாளில் சொந்த வார்த்தை வராது. வார்த்தை வராததை ஜெபம் வரவில்லை என்று எடுத்துக்கொண்டு எழும்பிவிடுகிறோம். அப்படிப்பட்ட நாளுக்குத்தான் சங்கீதம். கிதியோன் சங்கத்தார் கொடுக்கிற, சங்கீதமும் நீதிமொழிகளும் சேர்ந்த சின்னப் புதிய ஏற்பாடு சட்டைப்பையில் அடங்கும். நாளுக்கு ஒரு சங்கீதம், வாய்விட்டு, மெதுவாக. 119-ஆம் சங்கீதத்தை மட்டும் அது பிரிந்திருக்கிறபடி எட்டெட்டு வசனமாக 22 நாள் வாசியுங்கள். 171 நாளில், ஆறு மாதம் முடிவதற்குள், முழுவதையும் சொல்லி ஜெபித்திருப்பீர்கள். 117-ஆம் சங்கீதம் வரும் நாளில் இரண்டே வசனம்தான். அன்றைக்கு அதுவே போதும். பிறகு அதிலிருந்து நெஞ்சில் தைத்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு உங்கள் சொந்த வார்த்தையில் இரண்டு நிமிடம் பேசுங்கள். பரமண்டல ஜெபத்தோடு முடியுங்கள்.

இது நானாகக் கண்டுபிடித்த வழி அல்ல. உங்களைப் போலவே கைத்தொழில் செய்கிற ஒருவர், ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னால், உங்களைப் போலவே கேட்டார். ஜெர்மனியில் விட்டன்பர்க் ஊரில் முடி திருத்தும் பீட்டர் பெஸ்கெண்டார்ஃப். எப்படி ஜெபிப்பது என்று அவர் கேட்டது மார்ட்டின் லுத்தரிடம். லுத்தர் 1535-இல் அதற்குப் பதிலாக ஒரு சிறு புத்தகமே எழுதிக் கொடுத்தார். மனம் குளிர்ந்துபோய் ஜெபிக்கவே தோன்றாத நாட்கள் தனக்கும் உண்டு என்று அந்தப் பெரிய மனிதர் அதில் மறைக்காமல் சொல்கிறார். அப்படிப்பட்ட வேளையில் சங்கீதப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அறைக்குள்ளோ ஆலயத்துக்கோ போய், பத்துக் கற்பனைகளையும் விசுவாசப் பிரமாணத்தையும் சங்கீத வரிகளையும் ஒரு சின்னப் பிள்ளையைப் போலத் தனக்குத்தானே சொல்லத் தொடங்குவாராம். சொல்லச் சொல்ல மனம் சூடேறும். ஒரு வசனத்தை எடுத்தால் அதில் நான்கு காரியம் தேடச் சொல்கிறார்: இது எனக்கு எதைக் கற்றுக்கொடுக்கிறது, இதற்காக எதை ஸ்தோத்திரிக்கலாம், இதற்கு விரோதமாக நான் எதில் தவறினேன், இதிலிருந்து எதைக் கேட்கலாம். வாசிக்கும்போது நடுவில் ஒரு நல்ல சிந்தை உள்ளே பேசத் தொடங்கினால், மீதியை விட்டுவிட்டு அதற்குக் காது கொடுக்கச் சொல்கிறார். எடுத்த பாகத்தை முடித்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் அவரிடம் இல்லை. இன்னும் ஒரு மணி நேரம் கழித்து ஜெபிக்கலாம், இந்த வேலையை மட்டும் முடித்துவிடுவோம் என்கிற நினைப்பிடம் மட்டும் ஏமாறாதே என்று எச்சரிக்கிறார். அந்த எச்சரிக்கை எனக்குப் பல நாள் கைகொடுத்திருக்கிறது.

மனம் ஒன்றுவதற்கு லுத்தர் பீட்டரின் தொழிலையே உதாரணமாக எடுத்தார். நல்ல நாவிதனுக்குக் கண்ணும் நினைவும் கத்தியிலும் முடியிலும் இருக்கும். எதுவரை வந்தோம் என்பது மறக்காது. நான் உங்கள் தொழிலை எடுக்கிறேன். ஒரு வெட்டுக்கு நீங்கள் எடுப்பது பட்டையில் ஒரு மெல்லிய சீவல். ஒரேயடியாக நிறையப் பால் வேண்டும் என்று ஆழமாக இறக்கினால் தடியில் காயம் விழும். அந்த இடத்தில் பட்டை முண்டு முண்டாகத்தான் வளரும். ஓய்வு கொடுக்காமல் தினமும் வெட்டினால் நாளடைவில் பட்டை மரத்துப்போய், பாலே வராமல் நின்றுவிடும். மழையில் நாலு நாள் வெட்டு தவறியது என்பதற்காக ஐந்தாம் நாள் நாலு வெட்டு வெட்டுகிற வெட்டுக்காரர் உண்டா? ஜெபத்தில் நீங்கள் செய்து வந்தது அதுதான், தம்பி. விட்ட நாட்களுக்கு எல்லாம் சேர்த்து ஒரு முழு இராத்திரி. அது முடிந்ததும் உடம்பும் மனமும் ஜெபம் என்றாலே பயப்படத் தொடங்கிவிடுகின்றன. முழு இராத்திரி ஜெபத்தையும் உபவாசத்தையும் நான் குறைத்துப் பேசவில்லை. சபையாகக் கூடுகிற அந்த வேளைகளுக்குத் தனி ஆசீர்வாதம் உண்டு. நிலுவையைத் தீர்க்க அவற்றை உபயோகிக்காதீர்கள். தவறிய நாள் தவறியதுதான். மறுநாள் அதே பதினைந்து நிமிடம். கர்த்தரிடம் சிட்டிப் பாக்கியைப் போலச் சேர்கிற கணக்கு ஒன்றும் கிடையாது.

இனி, ஓடுகிற மனம். ஸ்பெயின் தேசத்துத் துறவி அவிலா தெரேசாவை (1515-1582) ஜெபத்தின் ஆசிரியை என்றே கத்தோலிக்கத் திருச்சபை போற்றுகிறது. 1970-இல் மறைவல்லுநர் பட்டமும் கொடுத்தது. அவரே தன் வரலாற்றில், சில ஆண்டுகள் ஜெப வேளை எப்போது முடியும், மணி எப்போது அடிக்கும் என்று காத்துக் கிடந்ததை எழுதி வைத்திருக்கிறார். அப்படியும் எழும்பிப் போய்விடவில்லை. ஆகவே மனம் ஓடுவது உங்களுக்கு மட்டும் வந்த வியாதி என்று நினைக்க வேண்டாம்.

ஓடும் மனத்தை அடக்க முயன்றால் அது இன்னும் வேகமாக ஓடும். அது எங்கே ஓடுகிறது என்று பாருங்கள். சிட்டிப் பணம், மகளின் பீஸ், ஷீட் விலை. இவை உங்கள் ஜெபத்தைக் கெடுக்க வந்தவையா? என்னைக் கேட்டால், உங்கள் ஜெபமே அவைதான். நீங்கள்தான் வெளியே நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். "ஆண்டவரே, பீஸ் கட்ட வழி தெரியவில்லை, அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்கப் பயமாக இருக்கிறது" என்று அப்படியே சொல்லுங்கள். இதைவிட மனம் ஒன்றிய ஜெபம் எது? ஜெபத்துக்கென்று தனி பாஷையும் பெரிய குரலும் வேண்டும் என்று நாம் பழகிவிட்டோம். யோபு புஸ்தகத்தை வாசித்தால் அந்தப் பழக்கம் விட்டுப்போகும். அதில் எத்தனையோ அதிகாரங்கள் முறையீடுதான்.

யோபு என்றதும் நட்டாலம் ஞாபகம் வருகிறது. உங்கள் ஊரிலிருந்து தூரமில்லை. 1712-இல் அங்கே பிறந்து திருவிதாங்கூர் அரசுப் பணியில் இருந்த நீலகண்ட பிள்ளை, ஆடுமாடுகளும் சொத்தும் அழிந்து மனம் உடைந்திருந்த காலத்தில், டச்சுப் படை அதிகாரி டிலனாய் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார் என்பது வழிவழியாக வரும் வரலாறு. 1741-இல் குளச்சல் போரில் பிடிபட்டு மார்த்தாண்ட வர்மாவின் படைக்குப் பயிற்சி கொடுத்த அதே டிலனாய். 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று நீலகண்ட பிள்ளை தேவசகாயம் ஆனார். 1749-இல் கைதாகி, 1752 ஜனவரி 14-ஆம் தேதி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022-இல் போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். நாம் வேறு சபையார். ஆனாலும் ஜெப வாழ்க்கையைப் பற்றி நம் மண்ணில் கற்றுக்கொள்ள அவரைவிட்டு வேறு யாரிடம் போவது? ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் அவருக்குச் சொந்தமாக ஒரு மணி நேரமோ ஓர் அறையோ ஆலயமோ கிடையாது. எப்போது எங்கே இழுத்துக்கொண்டு போவார்கள் என்று தெரியாது. பெருவிளையில் வேப்பமரத்தில் கட்டிப் போட்டிருந்த மாதங்களிலும் ஜெபத்தை விடவில்லை என்றே மக்கள் நினைவில் நிற்கிறது. ஆரம்பத்தில் அவர் கேட்டது ஒரு துன்பப்பட்ட மனிதனின் முறையீடு. அதனால் சங்கிலியோடு இருந்தபோதும் கர்த்தரிடம் பேசச் சொல் இருந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன்.

கவலையில் சேராத நினைப்புகளும் வரும். கத்தி தீட்ட வேண்டும், யாருக்கோ போன் பண்ண வேண்டும், அது இது. அதற்கு ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் பக்கத்தில் இருக்கட்டும். எழுதி வைத்துவிட்டால் மனம் அதை விட்டுவிடும். போன் வேண்டாம். எழுத எடுப்பீர்கள், குழுவில் வந்த நாற்பது செய்திகளைப் பார்த்துவிட்டுத்தான் வைப்பீர்கள். அந்த ஜெபக் குழுக்களில் உங்களுக்கு உண்மையாகவே தெரிந்தவர் யார் நோயாக இருக்கிறாரோ அவருடைய பெயரை நோட்டில் எழுதிக்கொண்டு ஜெபியுங்கள். மற்றதை எல்லாம் கேட்டே ஆக வேண்டும் என்ற கடமை உங்களுக்கு இல்லை.

இருட்டில் வெட்டுகிற நேரத்துக்கும் ஒன்று சொல்கிறேன். எகிப்து வனாந்தரத்துத் துறவிகளைச் சந்தித்துவிட்டு வந்த ஜான் காசியன், ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அவர்களிடம் கேட்டறிந்த ஒரு வழியை எழுதி வைத்தார். 70-ஆம் சங்கீதத்தின் முதல் வசனத்தை, உதவிக்குச் சீக்கிரம் வரும்படி தேவனைக் கூப்பிடுகிற அந்த ஒரே வசனத்தை, வேலையிலும் நடையிலும் படுக்கையிலும் விடாமல் சொல்வது. அந்தத் துறவிகள் கூடை முடைந்தும் கயிறு திரித்தும் பிழைத்தவர்கள். கை தன் வேலையைச் செய்யும், வாய் வசனத்தைச் சொல்லும். உங்களுக்கு ஒரு மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும் நடுவில் நாலு எட்டு இருக்கிறது. கத்தி பட்டையில் இருக்கும்போது கவனம் கத்தியிலேயே இருக்கட்டும். அந்த நாலு எட்டில் அந்த வசனத்தைச் சொல்லுங்கள். எத்தனை தடவை என்று எண்ணாதீர்கள். இதுவே உங்களுடைய அதிகாலை ஜெபம். இதைக் குறைவானது என்று உங்களிடம் யாரும் சொல்ல இடம் கொடுக்காதீர்கள்.

ஒழுங்கு உடைகிற இடம் எது என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். வெட்டு நடக்கிற நாளில் இந்தப் பதினைந்து நிமிடம் தானாக நடக்கும். ஆனி ஆடி மழையிலும், இலை உதிர்ந்து வெட்டு நிற்கிற மாசி வாக்கிலும்தான் தவறும். நேரம் நிறைய இருக்கும் நாளில்தான் ஜெபத்துக்கு நேரம் கிடைக்காது. எல்லாருக்கும் இதே அனுபவம்தான். வேலை இல்லாத நாளில் வீட்டுத் திண்ணையில், அதே நேரத்துக்கு, சட்டையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுங்கள்.

கடிதத்தில் இல்லாத ஒன்றையும் கேட்கிறேன். தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல், தள்ளப்பட்டேன் என்ற நினைப்பே திரும்பத் திரும்ப வருகிறதா? அப்படியானால் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் மனநல மருத்துவரைப் பாருங்கள். அது விசுவாசக் குறைவு ஆகாது. 1838-இல் நெய்யூரில் லண்டன் மிஷன் மருத்துவப் பணியைத் தொடங்கிய காலத்திலிருந்தே நம் மாவட்டத்தில் ஜெபமும் மருந்தும் ஒரே கூரையின் கீழ் இருந்து வந்திருக்கின்றன.

மனைவியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அவர்களிடம் வெட்கப்படுவதை விட்டுவிட்டு உதவி கேளுங்கள். இராத்திரி பத்து மணி முழங்காலை இன்றோடு நிறுத்திவிடுங்கள். சாயங்காலம் ஏழு மணிக்கு, சாப்பிடுவதற்கு முன்னால், டிவியை அணைத்துவிட்டு வீட்டார் எல்லாரும் உட்காருங்கள். பிள்ளைகளில் ஒருவர் கீர்த்தனை தொடங்கட்டும். காலையில் கொட்டகையில் நீங்கள் வாசித்த அதே சங்கீதத்தை உங்கள் மனைவி வாசிக்கட்டும், அவர்களே ஜெபிக்கட்டும். குடும்பத் தலைவன் நான்தானே ஜெபிக்க வேண்டும் என்று தயங்க வேண்டாம். பேச வார்த்தை கிடைக்கிற வரை நீங்கள் ஆமென் சொன்னால் போதும். மகள் விடுதியில் இருந்தால் அந்த நேரத்துக்குப் போன் போட்டு அவளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பீஸ் விஷயத்தை அவள் காதுபடவே ஜெபியுங்கள். வீட்டு நிலைமை அவளுக்குத் தெரியாமல் இருக்காது, அப்பா அதை யாரிடம் கொண்டுபோகிறார் என்பதும் அவளுக்குத் தெரியட்டும்.